சீண்டலைத் தடுக்கப் பள்ளியும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டியவை

சக மாணவரின் நிறத்தையோ திக்கும் பேச்சையோ தந்தையின் தொழிலையோ சொல்லிக் கேலி செய்வதைப் பிள்ளைகள் விளையாட்டு என்று பெரியவர்கள் விட்டுவிடுவதால், அது நாளடைவில் அடியாகவும் மிரட்டலாகவும் வளர்கிறது. ஆகவே எதைச் சீண்டல் என்று கொள்வது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். நோர்வேயில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய தடுப்பு முயற்சியில் முதன்மைப் பங்கு வகித்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்கள் இதற்கு உதவும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவர்மீது செய்வது.

அடுத்து, அது எங்கே நடக்கிறது என்று கண்டறிய வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளுக்கு வெற்றுத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் பள்ளியையும் வீட்டுக்குச் செல்லும் வழியையும் வரைந்து, பயமாக இருக்கும் இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை, சத்துணவு வரிசை, சைக்கிள் நிறுத்துமிடம், பேருந்தின் பின்னிருக்கை என்று ஆசிரியர் நிற்காத இடங்களே பெரும்பாலும் குறிக்கப்படும். அந்த இடங்களில் நிற்கும் சத்துணவு அமைப்பாளர், தூய்மைப் பணியாளர், வேன் ஓட்டுநர், பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவர் ஆகியோரை அழைத்துப் பேசி, எதைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக்கிவிட்டால், பள்ளிக்கும் ஊருக்கும் இடையிலான முதல் பிணைப்பு அங்கேயே உருவாகிவிடும்.

இதை எடுத்துச் செல்லப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கட்டட வேலையும் குடிநீருமே பேசப்படும் அக்கூட்டங்களில் பிள்ளைகள் வரைந்த அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி வைக்குமாறு பெற்றோர் கேட்க வேண்டும்.

புகார் சொல்லும் வழியில் மிகுந்த கவனம் தேவை. பல அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. ஆனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு பிள்ளை மட்டும் சென்று தாளைப் போடுவது எளிதன்று. வாரம் ஒருமுறை வகுப்பிலுள்ள அனைவரும், எழுத ஒன்றுமில்லாதவர்கள் வெற்றுத்தாளையாவது, மடித்துப் போடும்படி செய்தால் யார் எழுதினார் என்பது தெரியாது. புகார் வந்தபின் இரு தரப்பினரையும் நேருக்கு நேர் நிறுத்திக் கை குலுக்க வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அந்தக் கை குலுக்கலுக்குப் பிறகு புகார் சொன்ன பிள்ளை தனியாகத்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவர், சக மாணவர்களின் சாதிவழித் தொல்லை பற்றிப் பள்ளியில் தெரிவித்த பின்னர், இரவில் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். எனவே புகார் பெற்ற அன்று அப்பிள்ளையுடன் யார் வீடுவரை செல்வது, தெருவில் யார் கண்காணிப்பது என்பவற்றை முடிவு செய்த பிறகே மற்றவர்களை விசாரிக்க வேண்டும்.

அந்த நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு, கையில் சாதி அடையாளக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். அதைக் கட்டிவிட்ட அண்ணன்மாரிடம் பேசுவது ஊரின் பொறுப்பு. ஊராட்சித் தலைவர், கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு, இளைஞர் மன்றம், கோயில் விழாக் குழு ஆகியோரிடம் தலைமையாசிரியர் தனியே செல்லாமல் எல்லாத் தெருக்களின் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. பாலியல் தொல்லை என்றால் ஊரோ குழுவோ பேசித் தீர்க்கக் கூடாது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் அவர்களையே முதன்மையாகக் கருதுகிறது; சிரிப்பவர்கள் இல்லாவிட்டால் சீண்டுபவருக்கு மதிப்புக் கிடைக்காது. எதிர்த்துச் சண்டையிடச் சொல்ல வேண்டாம்: சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவர் அருகே சென்று அமர்வது, இடைவேளையில் தங்களுடன் விளையாட அழைப்பது ஆகியவற்றை வகுப்பில் நடித்துப் பழக்குங்கள்.

சீண்டிய பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால் சிக்கல் அடுத்த பள்ளிக்குத்தான் செல்லும். அப்பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டறிந்து, தேவையானால் குழந்தைகள் உதவி எண்ணான 1098 அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் ஆலோசனை பெறலாம். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் இரண்டு வாரம் கழித்தும், இரண்டு மாதம் கழித்தும் தனியே கேளுங்கள். “இப்போது சரியாகிவிட்டதா” என்று கேட்டால் தலையாட்டிவிடும், ஆகவே நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் யாருடன் அமர்ந்தாய் என்று கேளுங்கள்.