ட்ரோனில் டைம்லாப்ஸ்: கிளப்புவதற்கு முன் ஒரு கணக்கு

டைம்லாப்ஸ் என்றால் சில நொடிக்கு ஒரு போட்டோ எடுத்து, அவற்றை வரிசையாகச் சேர்த்து வேகமாக ஓடும் வீடியோவாக்குவது. தரையில் அதை எடுப்பவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம். ட்ரோனில் அது நடக்காது, சும்மா அந்தரத்தில் நிற்பதற்கே பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். அதனால் முதல் வேலை பேப்பரில்தான்.

நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், 10 நொடி வீடியோவுக்கு 250 போட்டோ வேண்டும். 2 நொடிக்கு ஒன்று எடுத்தால் 8 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். அதையே 5 நொடிக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள், 20 நிமிடத்தைத் தாண்டிவிடும். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் ஏற, இறங்க, காற்றோடு மல்லுக்கட்ட என்று செலவானது போக மிஞ்சுவதை நம்பி அதில் இறங்க வேண்டாம். முதல் தடவைக்கு 2 நொடி போதும். ஓடும் மேகத்துக்கும் சாலை வண்டிகளுக்கும் அது நன்றாகவே வரும்.

அடுத்தது செட்டிங்ஸ். எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றுங்கள்: ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் (ஒரு போட்டோவுக்கு வெளிச்சம் விழும் நேரம்), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிப்பது). கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நானும் மறந்தேன். அந்தி வானம் மஞ்சள், நீலம், மறுபடி மஞ்சள் என்று கண்ணடித்துக்கொண்டே இருந்த அந்த வீடியோவை யாருக்கும் காட்டவில்லை. வெயிலில் 5500 கெல்வின் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள்.

வண்டிகள் துள்ளித் துள்ளிப் போவதுபோலத் தெரிந்தால் ஷட்டர் வேகம் அதிகம் என்று அர்த்தம். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது, அதனால் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ்மேல் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர்தான் வழி. என்டி16 வெளிச்சத்தை 16இல் ஒரு பங்காக்கும், அதாவது 1/30 நொடி இருந்த இடத்தில் கிட்டத்தட்ட அரை நொடி வைக்கலாம், அசைவு இழுபட்டு மென்மையாகத் தெரியும். மேகம் மட்டும் எடுப்பதென்றால் இந்தச் செலவே வேண்டாம்.

சரி, மேலே போயாகிவிட்டது. தூரத்துக் காட்சியாகப் பாருங்கள். ஜிபிஎஸ் பிடித்து நிறுத்தினாலும் ட்ரோன் கொஞ்சம் அசையத்தான் செய்யும், பக்கத்தில் ஒரு மரக்கிளை இருந்தால் அந்த ஆட்டம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு ஃப்ரேம் வையுங்கள், எடிட்டிங்கில் வெட்டுப்படும். படம் பிடிக்கத் தொடங்கிய பிறகு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், ஆனால் கண்ணை ட்ரோனிலிருந்து எடுக்காதீர்கள். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தால் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இறக்கிவிடுங்கள். சுற்றிவருவது, வழிப்புள்ளிகள் போட்டுப் பறப்பது போன்ற ஹைப்பர்லாப்ஸ் (நகர்ந்துகொண்டே எடுக்கும் டைம்லாப்ஸ்) வித்தைகளெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நிற்கிற ட்ரோனில் நாலு வீடியோ சுத்தமாக வரட்டும்.

ட்ரோனே வீடியோவாகச் சேர்த்துத் தந்தாலும், ஒவ்வொரு போட்டோவையும் சேமிக்கச் சொல்லும் செட்டிங் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அவற்றை வரிசையாக ஏற்றி ஆட்டத்தைக் குறைக்க முடியும். காற்றடித்து ஒரே ஒரு போட்டோ மட்டும் கோணிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள், நொடியில் 25இல் ஒரு பங்கு போனது யார் கண்ணுக்கும் தெரியாது.