பழைய புல்லட்டின் பக்கக் கண்ணாடி: புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்த பிறகு சென்னையில் உருவான புல்லட்டுகளில் பல, இன்றும் நல்ல நிலையில் ஓடுகின்றன. அவற்றைச் சீரமைப்போர் எஞ்சினுக்கும் டேங்க்கின் வண்ணத்துக்கும் காட்டும் அக்கறையைப் பக்கக் கண்ணாடிக்குக் காட்டுவதில்லை. ரசம் போயிற்று என்றவுடன் முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு ஜோடியை மாட்டிவிடுகிறார்கள். இது தவறான அணுகுமுறை. ரசம் பூசிய கண்ணாடி, அதைத் தாங்கும் உலோகக் கிண்ணம், தண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதித்து, எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். கிண்ணத்தில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளையாகவோ துத்தநாக வார்ப்பாகவோ இருக்கும். உட்புறத்தில், பார்வைக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் பித்தளை மஞ்சளாகத் தெரியும். பித்தளையைத் தயங்காமல் காப்பாற்றலாம். துரு மேலோட்டமாக இருக்கும் இரும்பையும் காப்பாற்றலாம். துத்தநாக வார்ப்பில் கொப்புளங்கள் எழும்பியிருந்தால், அரிப்பு உலோகத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள். பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறையின் அமிலத்தில் அது மேலும் குழிவிழும். அந்த நிலையில் செலவழிப்பதைவிட மறு தயாரிப்புப் பாகத்தை, அதாவது பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்து விற்கப்படுவதை, வாங்குவதே நல்லது.

கழற்றும் முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய மரைகளில் துருநீக்கி எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். விளிம்பை மடித்துக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வகையாக இருந்தால், ஒரே இடத்தில் நெம்பாமல், மர ஆப்பைக் கொண்டு சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக விளிம்பை உயர்த்த வேண்டும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம்.

குரோமில் மேலோட்டமான துருப்புள்ளிகள் மட்டுமே இருந்தால், அலுமினியத் தாளை நீரில் நனைத்து மென்மையாகத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். பூச்சு உரிந்திருந்தால் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கே விலையைக் கேட்பதற்கு முன் அடிப்பூச்சைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் குரோம் மிக மெல்லிய படலமே. துருவைத் தடுப்பது அதன் அடியிலுள்ள நிக்கல், சில வேளைகளில் அதற்கும் அடியிலுள்ள செம்பு. அடிப்பூச்சைச் சுருக்கி முடிக்கும் மலிவு வேலை, சென்னையின் கடற்காற்றுக்கு நீண்ட நாள் தாங்காது. கிண்ணத்தின் பின்புறம் தயாரிப்பாளரின் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டிருந்தால், அந்த இடத்தில் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தை அழுத்த வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். ஒருமுறை தேய்ந்த எழுத்து மீண்டும் வராது. குரோம் பூச்சுக் கரைசல்களில் கொடிய நச்சுத்தன்மை கொண்டவை உண்டு என்பதால் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

இனிக் கண்ணாடி. ஓரங்களில் பரவும் கரும்புள்ளிகள், ஈரம் உள்ளே புகுந்து வெள்ளிப் படலத்தை அரித்ததால் வருபவை. மீண்டும் ரசம் பூச, பழைய படலத்தை முற்றிலும் நீக்கி, வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசலைச் சர்க்கரை போன்ற பொருளால் வினைப்படுத்தி, புதிய வெள்ளியைப் படிய வைக்கிறார்கள். இந்தக் கரைசலை எடுத்து வைத்தால் வெடிக்கும் பொருள்கள் உருவாகக்கூடும். ஆகவே அனுபவமுள்ளவரிடமே கொடுக்க வேண்டும். தட்டைக் கண்ணாடியாக இருந்தால், கடையில் அதே தடிமனில் புதிதாக வெட்டி வாங்குவது எளிது, மலிவு, அசலின் தோற்றத்துக்கும் குறைவில்லை. குவிந்த கண்ணாடியில்தான் கவனம் தேவை. 100 மி.மீ. அகலமுள்ள கண்ணாடியின் நடுவில் ஸ்டீல் அளவுகோலைப் படிய வைத்தால், வளைவின் ஆரம் 1200 மி.மீ. எனில், இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி தெரியும். இந்த அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு நெருங்கிய வளைவுள்ள கண்ணாடியையே தேடுங்கள்.

பொருத்தும்போது புளிப்பு நெடி வீசும் சாதாரண சிலிகானைத் தவிருங்கள்; அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் பின்பூச்சை ஊடுருவி வெள்ளியை அரித்துவிடும். நெடியற்ற, நடுநிலை வகை சிலிகானே ஏற்றது. வெட்டிய ஓரத்தில் வார்னிஷ் தடவி உலரவிட்டால் ஈரம் எளிதில் புகாது.

தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். பிளேட்டிங் ஏறியதால் மரை இறுகினால் அதே அளவு டையை, அதாவது மரை வெட்டும் கருவியை, ஒருமுறை ஓட்டினால் போதும். மறு தயாரிப்புக் கண்ணாடி வாங்குவோர் பெரும்பாலும் சிக்கிக்கொள்வதும் இந்த மரையில்தான். பழைய புல்லட்டில் அங்குல அளவிலான பிரிட்டிஷ் மரைகள் உண்டு. இன்று விற்பனையாகும் கண்ணாடிகள் பலவற்றில் 10 மி.மீ. மெட்ரிக் மரை இருக்கும். 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ.தான், விட்டம் நெருங்கியிருந்தாலும், விட்வொர்த் எனப்படும் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கின் கோணம் 60 பாகை. வலுக்கட்டாயமாகத் திருகினால், வண்டியில் தண்டைத் தாங்கும் பிடியின் மரையே பாழாகும்.

சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வாங்கும்போது பழைய தண்டைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கண்ணாடியில் ஜன்னல் கம்பிகளின் பிம்பத்தைப் பாருங்கள். மெதுவாகத் திருப்பும்போது கோடுகள் திடீரென நெளிந்தால் அதை வாங்க வேண்டாம். கண்ணாடியைத் தண்டோடு இணைத்துத் திருப்ப உதவும் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தளர்வாக இருந்தால், ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் கண்ணாடி நிலைத்து நிற்காது.

2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து விண்டேஜ் வாகனமாகப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் செல்லும் அத்தகைய வண்டியில் புதுப்பித்த அசல் கண்ணாடியே இருக்கட்டும். தினமும் நெரிசலில் ஓட்டுவோர், பின்னால் வரும் வண்டியைத் தெளிவாகக் காட்டும் நல்ல மறு தயாரிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் குவிந்ததுமாக மாட்டினால் தொலைவைக் கணிப்பதில் குழப்பம் வரும். குவிந்த கண்ணாடி எதையும் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகவே காட்டும். கழற்றிய அசலை எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, நட்டு, வாஷர், உள்ளே இருந்த பழைய அட்டைப் பட்டையுடன் ஒரே பெட்டியில் பெயரெழுதி வையுங்கள். துணியின் எண்ணெய் கண்ணாடியின் பின்பூச்சில் படாமல் இடையில் ஒரு காகிதத்தை வைத்துவிடுங்கள்.