'கேட்ச்': எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

பாம்பன் ஜெட்டியில் வத்தைப் படகு அணையும்போது, உள்ளே இருப்பவர் கரையில் நிற்பவருக்குக் கயிற்றை வீசி "புடி, புடி" என்பார். கயிறு கைக்கு வந்த பிறகு "இறுக்கிப் புடி" என்பார். நமக்கு இரண்டும் பிடிதான். ஆங்கிலத்தில் முதலாவது 'கேட்ச்', இரண்டாவது 'ஹோல்ட்'. கையில் இருக்கிற கயிற்றைக் காட்டி 'கேட்ச் த ரோப்' என்றால் கேட்கிறவர் குழம்புவார். படியிறங்கும் பாட்டியிடம் 'கேட்ச் மை ஹேண்ட்' என்பதும் அதே பிசகு. அங்கே 'ஹோல்ட்' வேண்டும்.

ஓடுவது, பறப்பது, நழுவுவது, விட்டால் போய்விடுவது, இப்படி ஒன்று வசப்படும் அந்த நொடிக்குத்தான் 'கேட்ச்'. இதை மனதில் வைத்தால் முக்கால்வாசித் தவறு வராது.

இந்தப் பொருள் வந்ததற்குக் காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பிடிக்க முயல்வதைக் குறித்த 'காப்டாரே' என்ற லத்தீன் வினைதான் இதற்கு வேர். அது வடக்குப் பிரெஞ்சில் 'காஷியே' என்று திரிந்து, 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் வழியாக, 1200 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது அதற்குத் துரத்துவது என்ற பொருளும் இருந்தது. அதே சொல் மத்தியப் பிரெஞ்சு உச்சரிப்பில் மறுபடியும் வந்து 'சேஸ்' ஆனது. ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் வந்ததால் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன: துரத்துவது 'சேஸ்', துரத்தி அகப்படுத்துவது 'கேட்ச்'.

இறந்தகால வடிவம் 'காட்'. எழுத்து சி, ஏ, யூ, ஜி, ஹெச், டி. நடுவில் உள்ள ஜி, ஹெச் இரண்டுக்கும் ஒலி கிடையாது. 'கோட்' என்று சொன்னால் சட்டைமேல் போடும் கோட்டாகிவிடும். வாயைத் திறந்து நீட்ட வேண்டும். பிரெஞ்சிலிருந்து வந்த வினைக்கு இப்படி ஒரு கோணல் வடிவம் அபூர்வம். பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் முன்பே 'லாட்ச்' என்றொரு சொல் இருந்தது. இன்று கதவுத் தாழ்ப்பாளாக மிஞ்சியிருப்பது அதுதான். அதன் பழைய இறந்தகாலத்தைப் பார்த்து 'காட்' உருவானது. 'கேட்ச்ட்' என்பதும் ஒரு காலத்தில் புழங்கியது. இன்று எழுதினால் தவறு. நிகழ்காலத்தில் 'ஹி', 'ஷி' வந்தால் 'கேட்ச்சஸ்'. வெறும் எஸ் போதாது, இ.எஸ். சேர்க்க வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவது மீன் பேச்சு. தொழிலுக்குப் போவது 'ஃபிஷ்', கிடைப்பது 'கேட்ச்'. 'வி ஃபிஷ்ட் டில் மார்னிங் பட் காட் நத்திங்' என்றால் விடியும்வரை வலை போட்டும் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். எதைப் பிடித்தோம் என்று சொல்லாமல் இந்தப் பொருளில் 'கேட்ச்' தனியே நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது 'ட்ராலர்ஸ் டோன்ட் கேட்ச்' என்று நிறுத்தக்கூடாது. 'டோன்ட் ஃபிஷ்' என்க.

பெயர்ச்சொல்லாக வரும் 'கேட்ச்' நம் மீன்பாடு. 'டுடேஸ் கேட்ச் வாஸ் குட்' என்றால் இன்றைக்கு நல்ல பாடு. வேண்டாமல் வலையில் விழுவது 'பைகேட்ச்'. இதோடு 'லேண்டிங்' என்ற சொல்லைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கடலில் வலையில் பட்டதெல்லாம் 'கேட்ச்'. அதில் கழித்துக் கடலிலேயே கொட்டியதுபோகக் கரைக்கு வந்து சேர்ந்தது 'லேண்டிங்'. அறிக்கைகளில் இரண்டையும் ஒன்றாகப் படித்தால் கணக்கு பிசகும்.

ஆமை தானாக வந்து வலையில் மாட்டினால் 'எ டர்ட்ல் வாஸ் காட் இன் த நெட்' என்று சொல்வதே சரி. 'வி காட் எ டர்ட்ல்' என்றால் நாமே தேடிப் பிடித்ததாகத் தொனிக்கும். ஆமை பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் விசாரணையில் இந்தத் தொனி சின்ன விஷயமில்லை. சின்னப்பாலம் பெண்கள் கடல்பாசி எடுப்பதற்கு 'கலெக்ட்' வேண்டும். பாசி ஓடுவதில்லையே!

பஸ்ஸுக்கு இரண்டு சொல்லும் உண்டு. எதில் போகிறோம் என்றால் 'டேக்': 'ஐ டேக் த பஸ் டு ராம்நாட்'. நேரத்துக்குள் போய் ஏறவேண்டும் என்ற அவசரம் இருந்தால் 'கேட்ச்': 'ஐ ஹேவ் டு கேட்ச் த சேது எக்ஸ்பிரஸ்'. 'மிஸ்' ஆகக்கூடிய வண்டிக்கெல்லாம் 'கேட்ச்' பொருந்தும். ஏறி உட்கார்ந்த பிறகு ஃபோனில் 'ஐ ஆம் கேட்சிங் த ட்ரெய்ன்' என்று சொல்லவேண்டாம். 'ஐ ஆம் ஆன் த ட்ரெய்ன்' போதும்.

சளி, அம்மை போல ஒட்டுகிற நோய்க்கு 'கேட்ச்' வரும். தலைவலிக்கும் சர்க்கரைக்கும் வராது, அங்கே 'ஹேவ்'. படகு தீப்பிடித்தால் 'த போட் காட் ஃபயர்', நடுவில் 'எ'யோ 'த'வோ இல்லை. யாராவது கொளுத்தியிருந்தால் 'செட் ஃபயர் டு'. கச்சான் காற்றில் ஃபோன் பேச்சு காதில் விழாவிட்டால் 'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்'. 'வாட்? வாட்?' என்று கத்துவதைவிட இது மரியாதை.

நம் 'பிடி' வருகிற எல்லா இடத்திலும் 'கேட்ச்' போடுவதுதான் பெரிய தொல்லை. ஃபோட்டோ பிடிக்க 'டேக்'. வாடகைக்கு வீடு பிடிக்க 'ஃபைண்ட்'. பஸ்ஸில் இடம் பிடித்து வைக்க 'சேவ் எ சீட்'. நேரம் பிடிக்கும் என்பதற்கு 'இட் டேக்ஸ் டைம்'. சம்பளப் பிடித்தம் 'டிடக்ஷன்'. 'எனக்கு நண்டு பிடிக்கும்' என்பதை 'ஐ கேட்ச் க்ராப்' என்று சொன்னால், கேட்பவர் உங்களை நண்டுவலைக்காரர் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு பொருள் வியாபாரத்தில் உதவும். சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒரு வியாபாரி சொன்னால், 'வாட்ஸ் த கேட்ச்?' என்று கேட்கலாம். இதில் என்ன மறைவு இருக்கிறது என்று பொருள். இது பழகியவரிடம் கேட்கிற கேள்வி. ஏற்றுமதி கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'ஆர் தேர் எனி அதர் கண்டிஷன்ஸ்?' என்றே எழுதுங்கள்.