பத்திரத்தில் உள்ள பெயரைத் தமிழில் மீட்டெழுதுவது எப்படி

மொரீஷியஸில் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சின் வழி வந்த கிரியோல் மொழிக்கு மாறிப் பல தலைமுறைகள் ஆன தமிழ்க் குடும்பங்களிலும், கல்யாணப் பத்திரிகையில் மட்டும் தமிழில் நான்கு வரி இருக்க வேண்டும் என்ற விருப்பம் இருக்கிறது. அதற்காக என்னிடம் பெயரை எழுதி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. முதன்முதலில் எழுதிக் கொடுத்தபோது, 'கர்பென்' என்ற குடும்பப் பெயரைக் காதில் விழுந்தபடியே 'கர்ப்பன்' என்று எழுதிவிட்டேன். பத்திரிகை அச்சாகி வந்த பிறகு, மணப்பெண்ணின் பெரியம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தம்பி, எங்க தாத்தா பேரு கருப்பன். இதைப் பார்த்தா கர்ப்பம்னு இல்ல படிக்க வருது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்தப் பெயரையும் ஒலியை மட்டும் நம்பி நான் எழுதுவதில்லை.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: நம் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை குலப்பெயரோ ஊர்ப்பெயரோ அல்ல. கப்பலிலிருந்து இறங்கிய ஒரு பாட்டனாரின் சொந்தப் பெயரே பிறப்பு, திருமணப் பத்திரங்களில் நிலைத்து, பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. 1810-இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகும் பிரெஞ்சு மொழியின் செல்வாக்கு குறையவில்லை. ஆகவே ஒரே பெயரை ஓர் எழுத்தர் ஆங்கில முறையிலும் இன்னொருவர் பிரெஞ்சு முறையிலும் எழுதியிருக்கிறார்கள். 'முத்து' என்பதில் வரும் உகரம் ஒரு பத்திரத்தில் இரண்டு 'ஓ' எழுத்துகளாகவும், மற்றொன்றில் 'ஓ', 'யூ' என்ற இணையாகவும் இருப்பதைப் பார்த்து, இவை வெவ்வேறு குடும்பங்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெயரின் முடிவிலிருந்து தொடங்குவது நல்லது. 'கோவிந்தென்', 'ராமென்' என்று முடிபவை கோவிந்தன், ராமன். 'ஆர்மூகம்' ஆறுமுகம், 'வைடலிங்கம்' வைத்திலிங்கம். 'ஓன்' என்று மூக்கொலியில் முடிந்தால் பெரும்பாலும் அங்கே பிரெஞ்சுக் காது கேட்ட 'அம்' இருக்கிறது: 'அர்னசலோன்' அருணாசலம் ஆவது அப்படித்தான். போர்ட் லூயிஸில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலை ஊரார் 'கைலாசோன்' என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். பெயர் 'டு' என்று முடிந்தால் மட்டும் சற்று நில்லுங்கள். அப்பலநாயுடு போன்ற தெலுங்குப் பெயரைத் தமிழாக்கிவிட நமக்கு உரிமை இல்லை.

இடையில் வரும் மெய்யெழுத்துகளில்தான் அதிகம் தடுக்கும். ரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்று. ந, ன, ண மூன்றும் ஒன்று. இரட்டித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒற்றையாகச் சுருங்கியிருக்கும். 'ஐயாகனு' என்பதை ஐயாக்கண்ணு என்று விரித்தால்தான் பெயர் உயிர் பெறும். 'பைனியாண்டி' என்ற பெயரைப் பழனியாண்டி என்று திருத்தும்போது மட்டும் எனக்கு எப்போதும் கொஞ்சம் தயக்கம் உண்டு. சென்னையையும் அதைச் சுற்றிய வட மாவட்டங்களையும் சேர்ந்த பேச்சில் ழகரம் யகரமாவது வழக்கம். அங்கே பழத்தைப் 'பயம்' என்பார்கள். எழுத்தர் பிழை செய்யாமல், பாட்டனார் 'பயனியாண்டி' என்று சொன்னதையே எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் அந்த ஒரு யகரம் அவர் புறப்பட்ட திசையைக் கூடச் சொல்கிறது. பத்திரிகையில் 'பழனியாண்டி' என்றே போடச் சொல்வேன். வீட்டு ஏட்டில் மற்றதையும் குறித்து வையுங்கள் என்பேன்.

ஊகம் போதாதபோது சான்றிதழ்களைத் தேட வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து தாத்தா, கொள்ளுத்தாத்தா ஆகியோரின் திருமண, இறப்புப் பதிவுகள் வரை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவரின் பதிவில் அவர் வந்திறங்கியபோது தரப்பட்ட குடியேற்ற எண் குறிக்கப்பட்டிருக்கக்கூடும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணைக் கொண்டு தேடினால் தகப்பனார் பெயர், வயது, ஊர், மாவட்டம், கப்பல் ஆகிய விவரங்களும், சிலருக்குப் புகைப்படமும் கிடைக்கும். தகப்பனார் பெயர் கிடைப்பது மிகவும் உதவும். தந்தை மகன் இருவர் பெயரையும் சேர்த்துப் பார்க்கும்போது குழப்பமான எழுத்துகள் பல தாமாகவே தெளியும். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளத்தைத் தேடிப் போக வேண்டாம். இங்கே தமிழரைக் குறிக்க வழங்கிய சொல் அது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழியினருக்கு இந்த எண் இராது. அவர்கள் பழைய குடிமைப் பதிவுகளையும் தேவாலயப் பதிவேடுகளையும்தான் நாட வேண்டும்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை மாற்ற முனையாதீர்கள். என் குடும்பத்திலேயே அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எழுத்து வேறு, அதை ஒன்றாக்கப் போய் இரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலக வாசலில் கழிந்தன. பத்திரிகையில் ரோமன் எழுத்து அப்படியே இருக்கட்டும், கீழே தமிழ் வரட்டும். எழுதிய பெயரை வீட்டின் மூத்தவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். அதையும் தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள்; தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி, கருப்பன் மறுபடியும் வேறு யாராகவோ வந்து நிற்பார்.