கோதை என்று பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் குழந்தைக்குக் கோதை என்று வைக்கலாமா என்று இணையத்தில் தேடினால் 'வடமொழிப் பெயர், பூமி தந்தவள்' என்ற மாதிரி விளக்கம் வரும், அதை அப்படியே எடுத்து அழைப்பிதழில் அச்சடித்துவிடாதீர்கள். கோதை தமிழ்ச் சொல். பூக்களைக் கோத்துக் கட்டிய மாலை என்பதுதான் பொருள், அப்புறம் கூந்தலுக்கும் பெண்ணுக்கும் அதே சொல் ஆகி வந்தது. 'கோதா' என்பது வடமொழியில் பாடியவர்கள் கையாண்ட வடிவம், வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் ஆண்டாளைப் போற்றிப் பாடிய கோதா ஸ்துதி அப்படிப்பட்டதுதான். அந்த வடிவத்தைப் பிரித்துச் சொல்லும் விளக்கங்கள் பக்தியில் பிறந்தவை, கேட்க அழகு, ஆனால் சொல்லின் வேர் அங்கே இல்லை.

ஆண்டாள் இயற்பெயர், கோதை செல்லப்பெயர் என்று சிலர் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் இட்ட பெயரே கோதை என்பது மரபு. திருப்பாவையின் 30ஆம் பாட்டைப் பாருங்கள், 'பட்டர்பிரான் கோதை சொன்ன' (பட்டர்பிரான் என்பது பெரியாழ்வார்தான்) என்று ஆண்டாளே தன் பெயரைப் பதித்திருக்கிறார்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, இது பெண்களுக்கான வைணவப் பெயர் மட்டும்தான் என்று ஒதுக்கிவிடுவது. ஆண்டாளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சேர மன்னர்கள் இந்தப் பெயரைச் சூடியிருக்கிறார்கள். புறநானூற்றில் கோக்கோதை மார்பன் வருகிறான், குட்டுவன் கோதை வருகிறான். 245ஆம் பாட்டைப் பாடியவனே மாக்கோதை என்ற சேரமன்னன், மனைவி ஈமத்தீயில் கிடக்க நான் இன்னும் வாழ்கிறேனே, இது என்ன உலகம் என்று கலங்கிப் பாடியிருக்கிறான். கரூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அரசன் தலையுருவமும், அதோடு பழைய தமிழ் எழுத்து முறையான தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருக்கின்றன. குழந்தை வளர்ந்ததும் அந்தக் காசின் படத்தைக் காட்டுங்கள், எந்தப் பெயர்ப் பட்டியலிலும் இவ்வளவு பெரிய கதை கிடைக்காது.

கோதண்டராமனோடு முடிச்சுப் போட வேண்டாம், கோதண்டம் வில், அது வேறு சொல்.

கடைசியாக, ஆங்கில எழுத்து. 'கே'யில் தொடங்குவதா 'ஜி'யில் தொடங்குவதா, நடுவில் 'ஹெச்' வேண்டுமா என்பதைப் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பிறப்பைப் பதிவு செய்த பிறகு பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, அதனால் அவசரப்படத் தேவையில்லை. சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல்தான்.