தஸ்காவில் விட்டுவிட்டு நழுவும் அம்மாக்களுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், 11 வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம் மூன்று புதுப் பிள்ளைகள். மூன்று அம்மாக்களும் நான் செய்த அதே தப்பைச் செய்கிறார்கள். பால் புட்டியில் பெயர் எழுத மறப்பதெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

சொல்லாமல் நழுவுவது

காலை ஏழரை. வாசலில் சிக்னல் போட்டு நிற்கும் கார். பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்து, அம்மா எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அழாமல் விட்டாயிற்று என்று அவருக்கு நிம்மதி. அடுத்த நிமிடம் பிள்ளை திரும்பிப் பார்க்கும். அதற்கு நான்தான் சாட்சி.

சுமார் 8 மாதம்வரை, துணி போட்டு மூடிய பொம்மையைக் குழந்தை தேடாது. அதற்குப் பிறகுதான், மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்று பிடிபடும். அம்மாவும் எங்கோ இருக்கிறார். எப்போது வருவார் என்றுதான் தெரியாது. பிரிவு பயம் இப்படித்தான் பிறக்கிறது. 10 முதல் 18 மாதம் வரை அது உச்சத்தில் இருக்கும். அறிவு வளர்வதால் வரும் அழுகை இது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று பாட்டிமார் திட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

என் மூத்தவனுக்கு அப்போது 14 மாதம். எல்.ஆர்.டி. ரயிலைப் பிடிக்க மூன்று வாரம் இப்படியே நழுவினேன். அப்புறம் வீட்டில் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனாலும் அலறினான். விளையாடும்போதும் ஒரு கண் கதவின் மேலேயே இருக்கும். அவன் மறுபடி என்னை நம்ப இரண்டு மாதம் ஆனது. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

ஒரு முத்தம் கொடுத்து, "அம்மா வேலைக்குப் போறேன், நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஐந்து மணி என்றால் அதற்குப் புரியாது. அழும். தூக்கிக்கொள்ள நான் இருக்கிறேன். மனசு கேட்காமல் திரும்பி வந்து ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

2 வயதுக்காரனிடம் "ஷேர் பண்ணு"

அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். அதே மாதிரி பொம்மை லாரி இன்னொன்று வாங்குங்கள்.

குழப்பம் வரும் என்று தமிழை நிறுத்துவது

வராது. என்னிடம் "பால் வேணும்", மலாய்க்கார ஆசிரியையிடம் அதையே மலாயில் "நாக் சூசு". ஆள் பார்த்து மொழி மாற்றும் சுட்டிகள் இவர்கள். 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையென்றால் மொழியின்மேல் பழி போட்டுக் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

"போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்"

வேண்டாம்.

சாயங்காலம் "அம்மாவ மறந்துட்டியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபம் என்று அர்த்தம். முதலில் பிள்ளையைத் தூக்குங்கள். பையை நான் கொண்டுவந்து காரில் வைக்கிறேன்.