நெட் இழுக்குதா? முதலில் அப்லோடைப் பாருங்க

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் நாலைந்து பசங்க சேர்ந்து வீடு எடுத்து, ஒரே வை-ஃபையைப் பங்கு போட்டுக்கொள்வது சகஜம். ராத்திரி நெட் இழுக்க ஆரம்பித்தால் "எவன்டா படம் பாக்கறது?" என்றுதான் சண்டை வரும். பாவம், அவன் மேல் பெரிய தப்பில்லை. ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் இருந்தாலே ஓடிவிடும்.

பல நேரம் குற்றவாளி அப்லோடுதான், அதாவது நம்ம போன், கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிற டேட்டா. யாரோ ஒருத்தர் போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடினால் போதும், மேலே போகிற பாதை நிரம்பி ரவுட்டரில் வரிசை கட்டிவிடும். டவுன்லோடு ஆகும்போதும் 'வந்து சேர்ந்தது' என்ற குட்டிப் பதில் மேலே போயாக வேண்டும். அதுவும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் லாரி மறித்தால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்பது மாதிரி.

பேக்கப்பை எல்லாரும் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். அடுத்து, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, லேன் கேபிள் போட்டு ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கண்ட்ரோல் (வேகத்தைப் பங்கிட்டு வரம்பு போடும் வசதி) இருக்கும். அதில் அப்லோடு வரம்பை, டெஸ்டில் வந்ததில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். முழு வேகத்தைக் கொடுத்தால் மறுபடியும் வரிசை கட்டும், பலன் இருக்காது. அந்த வசதியே இல்லாத மலிவு ரவுட்டர் என்றால் மாற்றுவதே மேல்.

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர்கள் தங்குகிற வீடா? ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வை-ஃபை) ஒன்று திறந்து, அதற்குத் தனி வரம்பு போட்டுவிடுங்கள். கேட்டவருக்கெல்லாம் மெயின் பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதில்லை.